மலையா, மலையடிவாரமா?

உத்தியோகத்திலிருந்து விலகும் நாள் நெருங்கியதும் நம் இல்லங்களில் ஒரு விவாதம் எழுவது வழக்கம். "இனிமேல் எந்த ஊரில் இருப்பது?" என்பதே அது. வெயிலில் அலைந்து சலித்த வீட்டுத் தலைவர், "குளிர்ந்த மலைப் பிரதேசமாகப் பார்ப்போம்" என்பார். அம்மாளோ, "அந்தக் குளிரில் என் முழங்கால் என்ன ஆகும்?" என்று கேட்பார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்க ஊழியர்கள் ஓய்வு பெறும் வயது 2021-இல் 60 ஆக உயர்ந்தது. அந்த வயதில் தேர்ந்தெடுக்கும் ஊர், 75 வயதிலும் தேகத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

மலைவாசமே சுகவாசம் என்னும் எண்ணத்தை நம்மிடையே வேரூன்றச் செய்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் 1822-இல் உதகமண்டலத்தில் கல்வீடு கட்டத் தொடங்கினார். 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடைதோறும் நீலகிரி ஏறியது. வரி கொடுத்தவன் சமவெளியில் வெந்தான். வாங்கியவர் மலையில் குளிர் காய்ந்தார். ஆனால் அவர்கள் நாடியது கோடைக்கு ஓர் இடம். நாம் நாடுவதோ பன்னிரண்டு மாதத்துக்கும் ஓர் இடம். இந்த வேற்றுமையை மறந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஊரின் புகழை மட்டும் நம்பவும் இயலாது. பென்ஷன்காரரின் சுவர்க்கம் என்று பெயர் பெற்ற பெங்களூரில், கடல் மட்டத்துக்கு 3,000 அடி மேலே, 2016 ஏப்ரலில் வெப்பம் 39.2 டிகிரி செல்ஸியஸை எட்டியது!

இதை ஆராய்வதற்கு ஏற்ற ஊர் வடக்கனந்தல். கள்ளக்குறிச்சிக்கு வடமேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அருகே கச்சிராயபாளையம், அதை அடுத்துக் கோமுகி அணை. 46 அடி நீர் தேக்கும் அந்த அணையால் சுற்றுப்புறத்து வயல்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. மேற்கே தலை நிமிர்ந்தால் மலைத்தொடர். அங்கே சாலை வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறுகிறது.

மேலே போனால் எவ்வளவு குளிரும்? ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. கல்வராயன் மலையின் உயரம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி. ஆகவே அடிவாரத்தைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி வரை குறைவாக இருக்கும். சித்திரை மாதத்தில் இது பெரும் பாக்கியமே. வயது ஏற ஏற உடம்பில் வியர்வை சுரப்பதும் குறைகிறது, தாகம் தெரிவதும் குறைகிறது. ஆதலால் கடும் வெயில் முதியோருக்கு ஆபத்து.

எனினும் மார்கழி என்று ஒரு மாதம் உண்டு. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். மூட்டு வலியும் இழுப்பும் உள்ளவர்கள் துன்புறுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. நள்ளிரவில் நெஞ்சு வலி கண்டால், மழையிலும் மூடுபனியிலும் அத்தனை வளைவுகளையும் கடந்து இறங்க வேண்டும். வடக்கனந்தலில் இருப்பவருக்கோ சமவெளிச் சாலையே போதும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். கல்வராயன் மலை மலையாளிப் பழங்குடியினரின் தாயகம். ஜாகீர்தார்களின் ஆதிக்கத்திலிருந்து அவர்கள் விடுபட்டது 1976-இல்தான். பணம் படைத்தவர்கள் காற்று வாங்க வேண்டி அவர்களுடைய நிலத்தில் வேலி போடுவது, துரைமார் செய்ததையே நாமும் செய்வதாகும். மலைக்கு நாம் விருந்தாளியாகப் போவதே அழகு.

ஆகையால் நம் யோசனை இது: வாசம் அடிவாரத்தில், கோடையில் சில வாரம் மலையில். அடிவார வெயிலைத் தணிக்க நம் முன்னோர் வழி வைத்திருக்கிறார்கள். ஓட்டுக் கூரை, காற்றோடும் முற்றம், மேற்குச் சுவரை மறைக்கும் தாழ்வாரம், வாசலில் ஒரு வேம்பு, இவை இருந்தால் பாதி வெயில் வெளியே நின்றுவிடும்.

எந்த ஊரானாலும் தை மாதத்து இளவெயிலில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சித்திரையில் பத்து நாள், கார்த்திகையில் பத்து நாள், மார்கழியில் பத்து நாள் வாடகைக்கு இருந்து பாருங்கள். கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறதா, இரவில் தூக்கம் வருகிறதா, கூப்பிட்ட குரலுக்கு அண்டை வீட்டார் வருகிறார்களா என்று கவனியுங்கள். முக்கியமாக, அம்மாளின் முழங்கால் சொல்லும் தீர்ப்பைக் கேட்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்!