சுவருக்கு முன்னால் வாய்க்கால்

இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் மண் வீடு கட்டத் தொடங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது சுவரை அல்ல. மழைநீர் ஓடும் வழியை. நாட்டிலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்று தௌலாதார் மலையடிவாரம். 1905 ஏப்ரல் 4-ல் நிலநடுக்கம் சுமார் 20,000 பேரைப் பலிகொண்டதும் இங்கேதான். இந்தச் சரிவில் மண் சுவர் நிற்குமா?

நிற்கும் என்று கட்டிக் காட்டியவர் டீடீ கான்ட்ராக்டர். 1929-ல் அமெரிக்காவில் பிறந்தவர். கட்டடக் கலையை முறையாகப் படிக்காதவர். தர்மசாலா அருகே சித்பாரியில் வாழ்ந்து மண், மூங்கில், கல், சிலேட்டுப் பலகைகளைக் கொண்டே கட்டினார். 2019-ல் நாரி சக்தி விருது பெற்ற அவர் 2021-ல் மறைந்தார்.

வேலை சரிவை வெட்டுவதில் தொடங்குகிறது. இலைதழை மக்கிய மேல்மண் சுவருக்கு ஆகாது, அது தோட்டத்துக்கு. அடியிலுள்ள மண்ணைத் தண்ணீரோடு பாட்டிலில் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலுமாகப் படியும். களி மிகுந்தால் காயும்போது வெடிக்கும், குறைந்தால் உதிரும். பக்குவமான மண் வைக்கோலோடு மிதிபட்டுப் பச்சைக் கல்லாகிறது. மனையைச் சமன்செய்ய வெட்டிய மண்ணே சுவராவதால் வண்டிச் செலவும் மிச்சம்.

வெட்டிய மண்ணைச் சரிவின் விளிம்பில் கொட்டி அதன் மேல் சுவர் எழுப்புவதுதான் ஆபத்து. கொட்டிய மண் மழையில் அமுங்கும். பாதி வீடு கெட்டித் தரையிலும் பாதி அதன் மேலும் நின்றால் சுவர் பிளக்கும். அஸ்திவாரம் முழுவதும் கெட்டித் தரையில் இறங்க வேண்டும். மேட்டுப் பக்கம் வெட்டிய கரைக்கும் வீட்டுக்கும் இடைவெளி விட்டு, அதில் வாய்க்கால் அமைக்க வேண்டும். தரைக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடிக்குக் கல் கட்டு. அதற்குப் பிறகே மண். சுவர் நனையாதபடி கூரை வெளியே நீள வேண்டும்.

நிலநடுக்கத்துக்கு? மண் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை 1993-லேயே வெளிவந்துவிட்டது. சுவர்களைச் சுற்றிக் கட்டும் பட்டை, சிறிய ஜன்னல்கள், அதிகம் உயராத சுவர் ஆகியவை அதன் அறிவுரைகள்.

மழை ஓய்ந்த அக்டோபரில் தொடங்கினால் பச்சைக் கல் காய வெயில் கிடைக்கும். அடுத்த ஜூனுக்குள் கூரை ஏறிவிட வேண்டும்.

பணம் சேர்ந்ததும் மண் வீட்டை இடித்துக் கான்கிரீட்டுக்கு மாறுவோர் பலர். ஆனால் 2023 ஆகஸ்டில் குலு மாவட்டத்தின் ஆனியில் சரிந்து விழுந்தவை பல மாடிக் கான்கிரீட் கட்டடங்கள். சுவர் எதுவானாலும் சரிவில் முதல் செலவு வாய்க்காலுக்குத்தான்.