பார்வை இழப்பும் வழக்கும்: கண் மருத்துவ நிபுணரின் சாட்சியம் எதைச் சொல்கிறது?

கண் சிகிச்சைக்குப் பின் எதிர்பார்த்த பார்வை கிடைக்காதபோது குடும்பத்தார் மனத்தில் எழும் முதல் கேள்வி, 'இது மருத்துவரின் தவறா?' என்பதே. அக்கேள்வி நீதிமன்றத்தையோ நுகர்வோர் ஆணையத்தையோ எட்டும்போது, விடைகாண நீதிபதிக்குத் துணைபுரிபவர் மற்றொரு கண் மருத்துவர். அவரையே நிபுணர் சாட்சி என்கிறோம். மருத்துவமனையின் இதழிலேயே இதைப் பற்றிக் கட்டுரையா எனச் சிலர் வியக்கலாம். நோயாளிகள் இதை எங்களிடமிருந்தே தெரிந்துகொள்வது நல்லது என்று கருதுகிறோம்.

சாதாரணச் சாட்சி, தாம் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே கூறலாம். நிபுணருக்கு மட்டும், நிகழ்வை நேரில் காணாத நிலையிலும் கருத்துக் கூறச் சட்டம் இடமளிக்கிறது. முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 39ஆம் பிரிவில் உள்ளது. அவருடைய கருத்து தீர்ப்பு ஆகாது. அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். காரணம் காட்டாத கருத்தை நீதிபதி ஒதுக்கலாம்.

நிபுணரிடம் கேட்கப்படுவது 'பார்வை போயிற்றா?' என்பதன்று. அது எல்லோருக்கும் தெரிந்ததே. அதே துறையில் சராசரித் திறனும் கவனமும் உடைய ஒரு மருத்துவர், அந்தக் காலத்தில், அந்தச் சூழ்நிலையில் என்ன செய்திருப்பார்? அது செய்யப்பட்டதா? செய்யப்பட்டிருந்தால் பார்வை தப்பியிருக்குமா? இம்மூன்றுமே கேள்விகள். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். தவறு நிகழ்ந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பார்வை இழப்புக்கு அத்தவறே காரணம் என்று காட்ட இயலாவிடில் வழக்கு நிற்பது கடினம்.

கண்புரை அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். எல்லா முன்னெச்சரிக்கையும் கடைப்பிடித்த பிறகும் மிக அரிதாகக் கண்ணின் உட்பகுதியில் கிருமித் தொற்று ஏற்படுவதுண்டு. தொற்று வந்தது என்பதாலேயே அலட்சியம் என்று எந்த நேர்மையான நிபுணரும் சொல்லமாட்டார். அறுவைக்கு முன் போவிடோன் அயோடின் கரைசலால் கண் தூய்மை செய்யப்பட்டதா, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்த பதிவேடு உள்ளதா என்று அவர் பார்ப்பார். அதைவிட முக்கியமாக, நோயாளி வலியும் பார்வை மங்கலும் என்று வந்த நாளில் என்ன நடந்தது என்று பார்ப்பார். அன்றே கண்ணுக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி செலுத்தப்பட்டதா, 'இரண்டு நாள் சொட்டு மருந்து போட்டுப் பாருங்கள்' என்று திருப்பி அனுப்பப்பட்டாரா? தொற்று வந்தது விபத்தாக இருக்கலாம். தாமதம் பெரும்பாலும் விபத்தன்று.

ஒரே இடத்தில் பலருக்கு ஒருசேரத் தொற்று வந்தால் நிலைமை வேறு. 1986இல் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா நகரில் நடந்த கண் முகாமில் கண்புரை அறுவை செய்துகொண்ட 88 பேரில் 84 பேரின் கண்கள் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்த அவ்வழக்கில், அறுவையின்போது பயன்படுத்திய உப்புக் கரைசலின் மாசே காரணமாகச் சுட்டப்பட்டது. அவ்வளவு பேருக்கு ஒரே கேடு நேர்வதைத் தற்செயல் என்று கொள்ள இயலாது.

நிபுணர் கருத்தின் வலிமையை உணர்த்தும் வழக்கு ஒன்று நம் சென்னையிலேயே நிகழ்ந்தது. 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை 29ஆம் வாரத்திலேயே, 1,250 கிராம் எடையுடன் பிறந்தது. சில வாரங்கள் இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினர். பின்னர், குறைப்பிரசவக் குழந்தைகளைத் தாக்கும் ஆர்.ஓ.பி. என்னும் விழித்திரை நோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டது. சிகிச்சைக்காக அமெரிக்கா வரை சென்றும் பார்வை மீளவில்லை.

இந்நோயின் இயல்பை அறிந்தால்தான் வழக்கு விளங்கும். குழந்தை இந்நோயுடன் பிறப்பதில்லை. பிறக்கும்போது விழித்திரையின் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திரா. அடுத்த சில வாரங்களில் அவை முறைதவறி வளர்வதே நோய். வெளியிலிருந்து பார்த்தால் கண் சாதாரணமாகவே தோன்றும். தாயால் கண்டுபிடிக்க முடியாது. பயிற்சி பெற்ற கண் மருத்துவர் பாப்பாவை விரித்து, விழித்திரையைப் பார்த்தால்தான் தெரியும். உரிய வாரத்தில் பார்த்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகளின் பார்வையைக் காக்கலாம். அந்தச் சில வாரங்கள் கடந்துவிட்டால் விழித்திரை பிரிந்துவிடக்கூடும்.

ஆகவே வழக்கின் மையம் ஒரே கேள்வியில் நின்றது: 1996இல் இந்தப் பரிசோதனை எதிர்பார்க்கத்தக்க நடைமுறையா, பிற்காலத்தில் வந்ததா? இன்றைய அறிவைக் கொண்டு அன்றைய மருத்துவரைக் குறைகூறுவது நியாயமாகாது. இதற்கு விடையளித்தது டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் குழுவின் அறிக்கை. நோய், பிறந்து இரண்டு முதல் நான்கு வாரங்களில் உருவாகத் தொடங்குகிறது. முதல் பரிசோதனை அப்போதே கட்டாயம். பத்தாண்டுகளுக்கு முன்பும் வழிகாட்டுதல்கள் பொதுவாக இவ்வாறே இருந்தன என்று அக்குழு தெரிவித்தது. கடைசி வரிதான் வழக்கின் திசையைத் தீர்மானித்தது என்பது எங்கள் எண்ணம். உரிய காலத்தில் பரிசோதனை நடக்கவில்லை, அதன் அவசியம் பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை என்று முடிவாயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில், ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அக்குழந்தைக்கு அப்போது 18 வயது.

'ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எதிராகச் சாட்சி சொல்வாரா?' என்று பலரும் கேட்பதுண்டு. தயக்கம் இருப்பது உண்மையே, மறைப்பதில் பயனில்லை. நீதிமன்றங்களும் இதை அறிந்தே வழிவகுத்துள்ளன. மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடரும் முன், விசாரணை அலுவலர் அதே துறையைச் சார்ந்த சார்பற்ற மருத்துவரிடம், கூடுமானவரை அரசுப் பணியில் உள்ளவரிடம், கருத்துப் பெறவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் வகுத்தது. நுகர்வோர் வழக்குகளில் எல்லாவற்றுக்கும் நிபுணர் தேவையில்லை என்று 2010இல் தெளிவுபடுத்தியது. இடக்கண்ணுக்குப் பதில் வலக்கண்ணில் அறுவை செய்திருந்தால், அதை விளக்க நிபுணர் எதற்கு?

நிபுணர் உங்கள் கண்ணைப் பார்ப்பதைவிட உங்கள் ஆவணங்களையே அதிகம் பார்ப்பார். முதல் நாள் பார்வை அளவு, கண் அழுத்தம், ஸ்கேன் படங்கள், ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு ஆகியவையே அவருக்குக் கண்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நெடுநாள் பயன்படுத்திக் கண் அழுத்தம் உயர்ந்து பார்வை இழந்தவர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். சீட்டில் 'இரண்டு வாரம் மட்டும், பிறகு வரவும்' என்று எழுதியிருந்தும் அவர் கடையில் தாமே மாதக்கணக்கில் வாங்கினாரா, கால அளவே எழுதாமல் மருந்து கொடுக்கப்பட்டதா என்பதை அந்தத் துண்டுச் சீட்டே தீர்மானிக்கும்.

உங்கள் மருத்துவப் பதிவுகளை நீங்களோ உங்களால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் வழங்கவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. எழுத்தில் கேளுங்கள், கேட்ட தேதியுடன் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்தை அணுகப் பொதுவாக இரண்டு ஆண்டுக் கால வரம்பு உண்டு. வழக்கு நோக்கம் ஏதும் இல்லாதவர்களும் பதிவுகளைப் பெறலாம். வேறொரு கண் மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்கவும் அதே தாள்களே தேவைப்படும்.

குறைப்பிரசவத்தில், 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவான எடையிலோ பிறந்த குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், பிறந்து 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்ததா என்று டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரங்களிலேயே பார்க்கவேண்டும். அதில் எதுவும் எழுதப்படவில்லையெனில், அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திராமல், இன்றே குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.