தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வருமா?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று அடுத்தடுத்து இரண்டு தீவுகள். இவற்றின் விமானத் திடல்களுக்கு இடையே 2.7 கிலோமீட்டர்தான். எடின்பரோ விமான நிலைய ஓடுபாதையின் நீளமே ஏறக்குறைய அவ்வளவு வரும். இந்தத் தடத்தில் 1967 முதல் லோகன்ஏர் நிறுவனம் விமானம் விடுகிறது. அட்டவணை போட்டு நடக்கும் விமானச் சேவைகளில் உலகிலேயே மிகக் குறுகிய தடம் இதுதான்.

பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இங்கே ஓடும் ‘ஐலண்டர்’ சிறிய இரட்டை எஞ்சின் விமானம், சீராகப் பறக்கையில் மணிக்குச் சுமார் 240 கி.மீ. வேகத்தில் போகும். அப்படியானால் 2.7 கி.மீ.யைக் கடக்க 40 விநாடி போதும். ஆனால் வழக்கமாக ஒன்றரை நிமிடம் ஆகிறது. சாதனை நேரமே 53 விநாடி. மீதி எங்கே போகிறது?

சீராகப் பறக்கும் கட்டம் என்ற ஒன்றே இந்தத் தடத்தில் கிடையாது. மேலே ஏறும்போது எஞ்சினின் வலுவில் ஒரு பங்கு உயரம் பிடிப்பதில் செலவாகிவிடும். முழு வேகம் எடுப்பதற்குள் விமானி இறங்கத் தயாராக வேண்டும். போதாக்குறைக்கு, விமானம் ஏறுவதும் இறங்குவதும் முடிந்தவரை எதிர்க்காற்றில்தான். காற்றின் திசை தடத்துக்கு ஒத்துவராவிட்டால் சுற்றி வந்து இறங்க நேரிடும். ஏறவும் இறங்கவும் ஆகும் இந்த நேரம் தூரத்தைப் பொறுத்துச் சுருங்குவதில்லை. ஆகவே தடம் குறுகக் குறுக, சராசரி வேகமும் குறையும்.

இதற்கு நேரெதிர், அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் இருக்கும் ஏடக். அதே அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து அங்கே போகச் சுமார் 1,900 கி.மீ. பூமியின் வளைவை ஒட்டி அளந்த தூரம் இது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே பூமியைத் துளைத்து நேர்கோடு போட்டால், பாதி வழியில் அது 70 கி.மீ. ஆழத்தில் இருக்கும். ஆர்க்னியில் அந்த ஆழம் வெறும் 14 செ.மீ.!

இவ்வளவு நீண்ட தடத்தில் ஏறி இறங்கும் நேரம் பெரிதில்லை. நேரத்தைத் தீர்மானிப்பது காற்று. வட பசிபிக்கின் அந்தப் பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் காற்று வீசும். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகும் ஜெட் விமானத்துக்கு 100 கி.மீ. வேகக் காற்று எதிர்ப்பட்டால், ஏடக் போக 2 மணி 43 நிமிடம் ஆகும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 2 மணி 7 நிமிடம். போகையில் இழந்தது வருகையில் கிடைத்துவிடும் என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள்: 4 மணி 50 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 4 மணி 45 நிமிடம்தான். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது, பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது. அதனால் கணக்கு நேராவதில்லை.

அட்டவணையில் அச்சாகும் நேரத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சேருமிடத்தில் போய் நிற்கும் வரை எல்லாமே அதில் அடக்கம். ஒரே தூரத்துக்குப் போக ஒரு நேரமும் வர வேறொரு நேரமும் போட்டிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்; அட்டவணை போட்டவர் காற்றையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்.