ஆற்றங்கரைப் பலகை என்ன சொல்கிறது?

கோடை பிறந்தால் கெல்லிவில் பக்கத்து எங்கள் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிப்போவது ஹோக்ஸ்பரி ஆற்றைத்தான். வின்சருக்கு அரை மணித்தியால ஓட்டம். கிழமை முழுக்க மெஷின் சத்தத்துக்குள் நிற்கிற எங்களுக்குத் தண்ணீரைக் கண்டாலே போதும். ஆனால் கரையில் நட்டிருக்கும் பலகைகளை எங்களில் பலர் வாசிப்பதில்லை. “இங்கேயும் தடையோ?” என்று சலித்துக்கொள்வோரும் உண்டு.

அந்தச் சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். போர்க்காலத்தில் வடக்குக் கடலில் வெளியிணைப்பு இயந்திரத்தின் குதிரைவலுவுக்கே கட்டுப்பாடு இருந்தது. எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் கிடந்தது என்று நாங்கள் எழுதித்தானா தெரியவேண்டும்? இங்கே பலகை நிற்கும் காரணம் வேறு.

மோட்டர் படகு விரைந்து போகையில் பின்னால் எழும் அலை கரையில் மோதி மண்ணைத் தின்னும். நாணலும் சவுக்கு வேரும் பிடித்த கரை என்றால் ஓரளவு தாங்கும். 2021 இலும் 2022 இலும் வந்த பெருவெள்ளங்கள் ஹோக்ஸ்பரிக் கரையைப் பல இடங்களில் அறுத்துவிட்டன. அறுந்த கரையில் ஒவ்வொரு படகின் அலையும் இன்னும் கொஞ்சம் மண்ணை எடுக்கும்.

சிவப்பு வளையத்துக்குள் 4 என்றிருந்தால் அது 4 நொட்ஸ், அதாவது மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 7 கிலோமீற்றர். விரைந்து நடக்கிற வேகம். ‘நோ வொஷ்’ என்றால் அலை கிளப்பக்கூடாது. 10 நொட்ஸ் அல்லது அதற்கு மேல் ஓட்டுகிறவருக்கு லைசன்ஸ் வேண்டும்; ஜெட் ஸ்கீக்கு எந்த வேகத்திலும் வேண்டும். (சிட்னித் துறைமுகத்துக்குள் ஜெட் ஸ்கீயை 2001 இலேயே தடைசெய்துவிட்டார்கள்.) வேகமாகப் போகும் படகு நீந்துகிறவர்களிடமிருந்து 60 மீற்றர் விலகிப் போகவேண்டும். பிள்ளைகளை ஆற்றில் இறக்குகிற தாய் தகப்பன் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நீருக்கு மேல் தெரிகிற ஒரு சின்னத் தலையைப் படகோட்டி காண்பது லேசல்ல.

இன்னும் வடக்கே போனால் கோலோ ஆறு. வொல்கன், கப்பர்ட்டி என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து பிறந்து, வொலமைத் தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்குகளுக்குள்ளால் ஓடி, லோவர் போர்ட்லண்டில் ஹோக்ஸ்பரியோடு கலக்கிறது. பூங்கா 2000 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நீலமலைப் பிரதேசத்தின் ஒரு பகுதி. 2008 இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு பூங்காவுக்குள் ஓடும் கோலோவை ‘காட்டு ஆறு’ என்று அறிவித்தது. ஆற்றை அதன் போக்கிலேயே விடவேண்டும் என்பதுதான் அறிவிப்பின் சாரம். அணை, கரை வெட்டு எல்லாவற்றையும் மனதில் வைத்த ஏற்பாடு அது. மோட்டரை மட்டும் பார்த்துச் செய்ததல்ல. ஆழமில்லாத மணல் ஆறு என்றபடியால் மேலே போகிறவர்கள் துடுப்பையோ காற்றடித்த மெத்தையையோதான் நம்புகிறார்கள்.

பாலத்தடியில் பிள்ளைகள் குளிக்க நல்ல மணல் உண்டு. மழைக்குப் பிறகு மட்டும் போகாதீர்கள், நீர் திடீரென்று ஏறும். துடுப்பு வள்ளத்துக்கு லைசன்சும் பதிவும் தேவையில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி சட்டப்படி கட்டாயம். நாங்கள் பெரியவர்களுக்கும் சேர்த்தே கட்டிவிடுகிறோம்.