வாழ்ந்த வீட்டிலேயே முதுமை

பெற்றோரைப் பேணுவது தருமம் என்பதை நம் நாட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் தருமத்தை ஒப்புக்கொள்வது வேறு; அதற்கு ஆயத்தமாயிருப்பது வேறு. சுதந்திரம் வந்த காலத்தில் இந்திய ஜனங்களின் சராசரி ஆயுள் 32 வயதையொட்டி இருந்தது. இன்று அது 70 வயதை எட்டியிருக்கிறது. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி, அறுபது பிராயம் கடந்தவர்கள் தேசமெங்கும் 10 கோடிக்கு மேல்; தமிழ் நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர். இது தேசத்தின் வெற்றிதான். ஆனால் இந்த வெற்றியைத் தாங்க நம் வீடும் வீதியும் தயாராக இருக்கின்றனவா?

முதியவர்களுள் பெரும்பாலோரின் விருப்பம் மிக எளியது. பழகிய திண்ணை, பழகிய கோயில், பெயர் சொல்லி அழைக்கும் அண்டை அயலார் ஆகியவற்றைவிட்டு நீங்காமல் கடைசி வரை இருக்கவேண்டும் என்பதே அது. பிள்ளைகளோ பிழைப்பைத் தேடித் தொலைதூர நகரங்களில் வசிக்கிறார்கள். 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து மாதந்தோறும் ஜீவனாம்சம் பெறப் பெற்றோருக்கு உரிமை உண்டு. நல்ல சட்டந்தான். ஆயினும் நள்ளிரவில் கால் இடறி விழுந்தவரைத் தூக்கிவிடச் சட்டத்துக்குக் கைகள் இல்லை.

ஜப்பான் தேசத்தார் என்ன செய்தார்கள் என்பதை நாம் கவனிப்பது நலம். அங்கேயும் மூத்தோரைப் பேணும் பாரமெல்லாம் மருமகள்மார் மீதும் புதல்விகள் மீதுமே விழுந்துகொண்டிருந்தது. இதை மாற்றவேண்டுமென்று பெண்கள் சங்கங்கள் கிளர்ச்சி செய்தன. 1997-ல் சட்டம் இயற்றி, 2000-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் திட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது நிறைந்தவர்கள் சந்தா செலுத்துகிறார்கள். செலவில் ஏறக்குறையப் பாதியை வரிப்பணம் ஏற்கிறது. முதியவரின் தளர்ச்சியை ஏழு படிகளாக அளந்து, அதற்கேற்ப நீராட்டவும், உணவூட்டவும், வீட்டு வேலை செய்யவும் பணியாளர் வீடு தேடி வருகிறார்கள். அங்கும் பணியாளர் பற்றாக்குறையும் சந்தா உயர்வும் இல்லாமலில்லை. ஆயினும் குடும்பத்தின் பாரத்தைச் சமூகம் பகிர்ந்துகொண்டது என்பது மெய்.

அவ்வளவு செல்வம் நமக்கில்லையே என்று சிலர் சொல்லலாம். அவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். கோழிக்கோட்டில் 1993-ல் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கிய நோய் தணிப்புப் பணி, ஊர் ஊராகத் தொண்டர்களைத் திரட்டி, படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்கே சென்றது. 2008-ல் அதனை மாநில சர்க்கார் தன் கொள்கையாகவே ஏற்றது. தமிழ் நாட்டிலும் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வாசலிலேயே தரும் வழியைக் காட்டியது.

ஆனால் வாசலுக்கு வந்த உதவி வீட்டினுள் நுழையவேண்டுமானால், வீட்டாரும் சிறிது முயலவேண்டும். குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் அணையாத சிறு விளக்கு, படியேறாமல் படுக்க ஓர் அறை: இவற்றுக்கு ஆகும் செலவு, முறிந்த இடுப்பெலும்புக்குச் செய்யும் சிகிச்சைச் செலவில் ஒரு சிறு பங்கே. தனித்திருக்கும் முதியவரை நாள்தோறும் ஒருமுறை விசாரிக்க வீதிக்கு நான்கு பேர் முன்வந்தால் அதற்குச் செலவே இல்லை.

இன்று முதியோருக்கென்று நாம் அமைக்கும் ஏற்பாட்டில்தான் நாளை நாமும் வசிக்கப் போகிறோம். அதை இப்போதே செம்மையாக அமைப்போமாக!