பின்னால் ஒருவர் ஏறும்போது

மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் செல்லுமுன் பலரும் பெட்ரோலைப் பார்க்கிறார்கள். சிலர் சக்கரத்துக் காற்றையும் பார்க்கிறார்கள். பின்சக்கரத்தின் இருபுறமும் நிற்கும் சுருள்வில்களைப் பார்ப்பவர் மிகச் சிலரே. நானும் அவ்வாறு பாராதவனாகவே நெடுங்காலம் இருந்தேன். 30 ஆண்டுகள் வகுப்பில் ஹூக் விதியைக் கற்பித்தவன் ஆதலால், இதனைச் சொல்லச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

ஒருமுறை என் மனைவியுடன் வேலூரிலிருந்து ஏலகிரிக்குப் புல்லட் வண்டியில் சென்றேன். மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கியாயிற்று. திரும்புகையில் இருட்டிவிட்டது. எதிரே வந்த லாரிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தம் விளக்கை ஏற்றி இறக்கிக் காட்டினர். விளக்கைத் தாழ்த்தித்தானே வைத்திருக்கிறோம், இவர்களுக்கு என்ன குறை என்று எண்ணியவாறே வந்தேன். ஒரு வேகத்தடையைக் கடந்தபோது வண்டியின் பின்புறம் ‘மடார்’ என இடித்தது. என் மனைவியின் இடுப்பு வலி தீர மூன்று வாரங்கள் ஆயின. லாரிக்காரர்கள் காட்டிய குறிப்பும் அந்த இடியும் ஒரே பிழையின் இரு அடையாளங்கள் என்பது பிறகுதான் விளங்கிற்று.

பின்னிருப்பவரின் பாரம் பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேலேயே விழுகிறது. பின்புறம் தாழ, முன்புறம் நிமிர்கிறது. விளக்கொளி எதிரே வருவோர் கண்ணில் பாய்கிறது. வில்லோ ஏற்கெனவே பெரிதும் சுருங்கியிருப்பதால், மேடு வரும்போது மேலும் சுருங்க இடமின்றி முட்டிக்கொள்கிறது.

இதனைச் சரிசெய்யவே வில்லின் அடியில் படிகள் வெட்டிய வளையம் ஒன்று அமைந்திருக்கிறது. புல்லட் போன்ற வண்டிகளில் ஐந்தோ ஆறோ படிகள் இருக்கும். வளையத்தைத் திருப்பினால் வில் முன்னதாகவே சிறிது அழுத்தப்படுகிறது. இதற்கு முன்னழுத்தம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ‘திருப்பினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும்’ என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது சரியன்று. ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியைக் கொண்டே இதனை ஆராயலாம்.

கணக்கு எளிதாகும்பொருட்டு, 20 கிலோ பாரத்துக்கு 1 சென்டிமீட்டர் சுருங்கும் வில் ஒன்றைக் கொள்வோம். அது 1 சென்டிமீட்டர் முன்னழுத்தத்துடன் பொருத்தப்பட்டுள்ளது. அதன் மேல் 80 கிலோ வந்தால் மொத்தச் சுருக்கம் 4 சென்டிமீட்டர். எனவே வண்டி தாழ்வது 3 சென்டிமீட்டர். பின்னால் ஒருவர் ஏறிப் பாரம் 100 கிலோ ஆனால் 4 சென்டிமீட்டர் தாழும். இப்போது முன்னழுத்தத்தை 2 சென்டிமீட்டர் ஆக்குங்கள். மொத்தச் சுருக்கம் 5; தாழ்வது மீண்டும் 3. வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. ஆயினும் மேலும் 20 கிலோ ஏற்றினால் முன்போலவே இன்னும் 1 சென்டிமீட்டர்தான் தாழும். வில்லின் குணம் மாறவில்லை. வண்டியின் நிலை மட்டுமே மாறியது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. வில்லின் குணம் மாறாமல் பாரம் மட்டும் கூடினால், அதன் ஆட்டம் அடங்க அதிக நேரமாகும். ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் உள்ளே துளைகளின் வழியே தள்ளப்படும் எண்ணெய். வளையத்தைத் திருப்புவது அந்த எண்ணெயைத் தொடுவதே இல்லை. ஆகவே, வளையத்தைத் திருப்பிவிட்டோம் என்று தனியே செல்லும் வேகத்தில் வளைவுகளில் திரும்புவது ஆபத்து.

செய்முறை கடினமன்று. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, புகைக்குழாய் ஆறிய பிறகு, வண்டியோடு தரும் கொக்கிச் சாவியால் இரு பக்கமும் ஒரே படியில் வைக்க வேண்டும். எத்தனையாவது படி என்பதை ஊகிக்க வேண்டாம். ஓர் அளவுகோல் போதும். ஸ்டாண்டில் நிற்கையில் சக்கர அச்சிலிருந்து மட்கார்டின் மேல் சாக்குக்கட்டியால் இட்ட குறி வரை அளந்துகொள்ளுங்கள். பின்பு ஸ்டாண்டை எடுத்து, இருவரும் அமர்ந்திருக்க மூன்றாமவர் அளக்கட்டும். சக்கரம் ஏறி இறங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்திருந்தால் நன்று. காற்றழுத்தத்தையும் இருவருக்குரிய அளவுக்கு உயர்த்துக. சங்கிலியின் தொய்வையும் பார்க்க வேண்டும். பின்புறம் தாழும்போது அது இறுகும்.

பின்னிருந்தவரை இறக்கிவிட்டுத் தனியே திரும்புவதானால், வளையத்தைப் பழைய படிக்கே கொண்டுவர வேண்டும். இல்லையெனில் பாரமற்ற பின்புறம் சிறு கல்லுக்கும் துள்ளும். எங்கள் வண்டியில் அந்தச் சாவியை இப்போது என் மனைவியே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். இரண்டு படிகள் ஏற்றியதை எண்ணிப் பார்த்த பிறகே ஏறி அமர்கிறாள்.