வெள்ளத்தில் மிதக்கும் வண்டியில் கியர் சிக்கினால் என்ன செய்வது?

2025 ஆகஸ்ட் கடைசியில் பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் ராவி நதி வெள்ளம் கிராமங்களுக்குள் புகுந்தபோது, ஒரு வண்டியின் வீடியோ பலருடைய போனிலும் சுற்றியது. ஆள் உயரத்துக்கு நான்கு டயர்கள், நடுவில் ஒரு பெட்டி. ரோட்டில் வந்த வேகத்தில் அப்படியே தண்ணீரில் இறங்கி, மிதந்து போய் மக்களை ஏற்றி வந்தது. அது இந்திய ராணுவத்தின் ஏட்டர் என்1200. இந்த ரகத்தில் 96 வண்டிகளை வாங்க 2023-ல் சுமார் 250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது.

நிலத்திலும் நீரிலும் ஓடுகிற இந்த வகை வண்டிகளில் சின்ன ரகமும் உண்டு. கனடாவின் ஆர்கோ மாதிரி ஆறு சக்கரம், எட்டு சக்கர ஏடிவிகள். சின்னதோ பெரிதோ, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கேள்வி இருக்கிறது. நட்ட நடு வெள்ளத்தில் கியர் சிக்கிக்கொண்டால்?

இது ஏன் சாதாரண பிரேக்டவுன் இல்லை?

காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும். இந்த வண்டிகளில் பொதுவாக எந்தச் சக்கரமும் திரும்பாது. இடது பக்கச் சக்கரங்களை பிரேக் போட்டு நிறுத்தி, வலது பக்கத்தை மட்டும் ஓட விட்டால் வண்டி இடது பக்கம் திரும்பும். ராணுவ டேங்க் திரும்புவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். இதற்கு ஸ்கிட் ஸ்டீயர் என்று பெயர்.

தண்ணீரிலும் பெரும்பாலும் தனி புரொப்பல்லர் கிடையாது. டயரில் இருக்கும் பட்டைகள்தான் துடுப்பு. ஆக ஓடுவது, திரும்புவது, நீந்துவது மூன்றுக்குமே சக்தி வருவது ஒரே கியர்பாக்ஸ் வழியாக. முன் கியரில் சிக்கிவிட்டால் ரிவர்ஸ் இல்லை. மரத்திலோ வேலியிலோ முட்டினால் பின்வாங்க முடியாது. ஏட்டர் தண்ணீரில் போகும் வேகமே மணிக்கு 6 கிலோமீட்டர் அளவுதான். நீரோட்டம் இழுத்தால் சமாளிக்க அதிக நேரம் கிடைக்காது.

அதனால் தண்ணீரில் இருக்கும்போது சிக்கினால் முதல் வேலை ரிப்பேர் இல்லை. கயிற்றைக் கட்டி வண்டியை நிலைநிறுத்துவதும், ஆட்களை இறக்குவதும்தான். மற்றதெல்லாம் கரைக்கு வந்த பிறகு.

கரைக்கு வந்தாச்சு. எங்கே ஆரம்பிப்பது?

கியர் விழலைன்னா உடனே எல்லோர் கையும் கியர்பாக்ஸைக் கழற்றத்தான் போகும். ஆனால் கோளாறு பல சமயம் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும். வெளியிலிருந்து உள்ளே போவதுதான் சரியான வரிசை.

இன்ஜினை ஆஃப் செய்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, முதலில் ஒரு எளிய சோதனை. சிக்னலில் பைக் நியூட்ரலுக்கு வர அடம்பிடித்தால் என்ன செய்வோம்? வண்டியை லேசாக முன்னும் பின்னும் தள்ளுவோம், டக்கென்று விழும். கியரின் பற்கள் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்திருக்கும். அந்த அழுத்தம் விலகினால்தான் நழுவும். சரிவில் கியரிலேயே நிறுத்திய ஏடிவியிலும் இதே கதைதான். மொத்த வண்டியின் எடையும் அந்தப் பற்கள் மேல் நிற்கிறது. சமதளத்துக்குக் கொண்டுவந்து, கட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் ஆட்டிக்கொண்டே லிவரை மெதுவாக நகர்த்தினால் பாதி கேஸ் இங்கேயே முடிந்துவிடும்.

இன்ஜின் ஆஃபில் மாறுது, ஆனில் மாறலையே?

அப்படியென்றால் கியர்பாக்ஸ் மேல் சந்தேகப்பட வேண்டாம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு விடமாட்டேன் என்கிறது.

ஆர்கோ மாதிரி வண்டிகளில் அந்த இணைப்பு ஒரு பெல்ட். உங்கள் கியர்லெஸ் ஸ்கூட்டரில் இருக்கும் அதே சிவிடி தத்துவம். ஐட்லிங்கில் முன் புல்லி பெல்ட்டை விட்டுவிட வேண்டும். ஐட்லிங் வேகம் அதிகமாக வைத்திருந்தாலோ, புல்லியில் சேறு ஏறியிருந்தாலோ, சரியான அளவில்லாத பெல்ட் போட்டிருந்தாலோ அது விடாது. கியர்பாக்ஸுக்குள் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும், லிவரைத் தள்ளினால் கரகரவென்று சத்தம்தான் வரும்.

ஏட்டர் மாதிரி மேனுவல் கியர் வண்டிகளில் அதே இடத்தில் கிளட்ச் இருக்கிறது. மாதக்கணக்கில் ஈரத்தில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது உண்டு. பெடலை மிதித்தாலும் அது பிரியாது.

இன்ஜின் ஆஃபிலும் அசையலைன்னா?

இப்போது கியர் கேபிளைப் பாருங்கள். கியர்பாக்ஸ் முனையில் அதைக் கழற்றிவிட்டு, அங்கிருக்கும் சின்னக் கையை நேரடியாக நகர்த்திப் பார்க்க வேண்டும். அது சுலபமாக நகர்ந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது, குற்றவாளி கேபிள்தான். உள்ளே சேறு, துரு அல்லது எங்கோ ஒரு மடிப்பு.

லிவர் நியூட்ரலில் இருந்தும் வண்டி உருளவில்லையா? செயினையும் பிரேக்கையும் பாருங்கள். இந்த வண்டிகளில் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் செயினால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு கல்லோ கம்பித் துண்டோ செயினில் மாட்டினால் அந்தப் பக்கமே பூட்டிக்கொள்ளும். சேறு காய்ந்து பிரேக் பிடித்துக்கொண்டாலும் அப்படியே. டிரைவருக்கு இரண்டுமே கியர் சிக்கியது போலத்தான் தெரியும்.

அப்போ கியர்பாக்ஸுக்குள் எப்போது கோளாறு வரும்?

இங்கேதான் தண்ணீர் வருகிறது. ஓடிச் சூடான கியர்பாக்ஸ் திடீரென்று குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த இழுவையில் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ, காற்றுப் போக்குக்கு வைத்த ப்ரீத்தர் குழாய் வழியாகவோ தண்ணீர் உள்ளே போய்விடும். அந்தக் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பது அதனால்தான். குழாய் கழன்று கீழே தொங்கினால் அதுவே தண்ணீர் குடிக்கும் ஸ்ட்ரா ஆகிவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். கொஞ்சம் ஆயிலை வெளியே எடுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உலோகத் துகள்கள் மின்னினால் பற்களோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. இப்போதுதான் பெட்டியைத் திறக்கக் காரணம் கிடைக்கிறது.

கவனிக்க வேண்டியது இதுதான். தண்ணீர் புகுந்த அன்று கியர் ஒழுங்காகவே விழும். வெள்ளம் வடிந்து, பாராட்டு முடிந்து, வண்டி ஷெட்டுக்குப் போன பிறகுதான் உள்ளே துரு ஆரம்பிக்கும். அடுத்த மழைக்கு ஸ்டார்ட் செய்யும்போது கியர் கல்லு மாதிரி நிற்கும். இந்த வருஷம் சிக்குவது பல நேரம் போன வருஷத் தண்ணீர்.

செய்யவே கூடாதவை

லிவரில் இரும்புக் குழாயை மாட்டி நெம்பக் கூடாது. சின்ன கேபிள் செலவில் முடிய வேண்டியது, உள்ளே ஷிஃப்ட் ஃபோர்க் வளைந்து பெரிய செலவாகும். நியூட்ரலுக்கு வராத வண்டியைக் கட்டி நீண்ட தூரம் இழுக்கக் கூடாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றவும் கூடாது. முழுசாக நின்ற பிறகே மாற்ற வேண்டும்.

கரையேறிய அன்றே

வண்டியின் அடிப்பகுதியில் இருக்கும் வடிகால் மூடிகளைத் திறந்து தேங்கிய நீரை விட வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலின் நிறத்தைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாற்ற வேண்டும். செயினைக் கழுவி எண்ணெய் போட வேண்டும். அதன் பிறகு, மழை இல்லாத மாதங்களிலும் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து எல்லா கியரையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

வெள்ளம் வரும்போதெல்லாம் எத்தனை வண்டி வாங்கினார்கள் என்று கேட்கிறோம், அது நியாயமான கேள்வி. கூடவே, போன வெள்ளத்துக்குப் பிறகு எத்தனை வண்டிக்கு ஆயில் மாற்றினார்கள் என்றும் கேட்கலாம். மொட்டைமாடியில் காத்திருப்பவரிடம் வண்டி போய்ச் சேருமா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.